வியாழக்கிழமை வாசம்

சென்னையிலிருந்து வந்திருந்த மருமகள், என் போனில் தியானம் செய்கிற ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். "மாமா, காலைல கொஞ்ச நேரம் இதப் போட்டுட்டு உக்காருங்க. மனசு லேசாயிடும்" என்றாள். மனசு கனமாக இருக்கிறது என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. இருந்தாலும் பிள்ளை ஆசையாகச் சொல்கிறதே என்று உட்கார்ந்தேன். ஒரு பெண்குரல் மூச்சை இழுக்கச் சொன்னது, விடச் சொன்னது. கடைசியில் ஒரு மணிச்சத்தம். கண்ணைத் திறந்தால், 'இன்றைய அனுபவம் எப்படி இருந்தது?' என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் காட்டுகிறது. எத்தனை வேண்டுமோ அத்தனையை விரலால் தொட வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இதே கேள்வியை ரொம்ப காலத்துக்கு முன்னால் காரைக்காலில் ஒரு மாடியில் வாராவாரம் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்போதும் எனக்குப் பதில் தெரியாது.

அது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கீழே உரக்கடை, மேலே மிஷின்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பு கிடையாது. மிஷின்களுக்கு உறை போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் கோரைப்பாயை விரித்து நாங்கள் பத்துப் பதினைந்து பேர் உட்காருவோம். வியாழன் குருவுக்கு உரிய நாள் என்று கணக்கு. கூட்டி வைத்து நடத்தியவர் கம்பவுண்டர் சார். ஊசி போடுகிற கை என்பதாலோ என்னவோ, யாரையும் அதட்டிப் பேசமாட்டார். தான் பெரிய ஞானி என்ற நினைப்பு அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. "தனியா உக்காந்தா மனசு ஓடிப் போயிடும். பக்கத்துல ஒரு ஆளு இருந்தா அதுக்குக் கொஞ்சம் வெக்கம் வரும், அடங்கி உக்காரும்" என்பார். கூட்டுத் தியானத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

தியானம் முடிந்ததும் சுண்டல் உண்டு. சுண்டலுக்கு முன்னால் அனுபவம் சொல்ல வேண்டும். வட்டமாக ஒருவர் விடாமல் கேட்பார். டெய்லர் முத்தையாவுக்கு எப்போதும் ஜோதி. ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் மஞ்சள். துணிக்கடைக்காரன் மாதிரி நிறம் நிறமாகச் சொல்வார். பள்ளிக்கூட டீச்சரம்மாவுக்கு மணிச்சத்தம். ஒருவர் உடம்பு மேலே எழும்பியது என்றார். என் முறை வந்தால், "கால் மரத்துப் போச்சு சார்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். "அதுவும் அனுபவந்தான், விடு" என்பார் கம்பவுண்டர் சார்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். விழிதியூர், அம்பகரத்தூர் பக்கத்து வயல் மோட்டாரெல்லாம் எரிந்து போனால் என் பட்டறைக்குத்தான் வரும். காயில் கட்டி வார்னிஷில் முக்கி எடுத்துக் காயவைக்க வேண்டும். அந்த வார்னிஷ் இருக்கிறதே, அது என் மூக்கைத் தின்றுவிட்டது. மீன் குழம்புக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்ட ஆள் நான்.

நானாக அந்த மாடிக்குப் போகவில்லை. என் மனைவி தையல்நாயகிக்காகப் போனேன். எங்களுக்குத் தலைச்சன் பெண் குழந்தை. தவழ ஆரம்பித்த நேரத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. நான் அழுதேன், என் அம்மா அழுதாள், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அழுதார்கள். தையல்நாயகி அழவில்லை. ஒரு சொட்டு விடவில்லை. மறுநாளே எழுந்து வாசல் தெளித்தாள், உலை வைத்தாள். மாசக்கணக்கில் அப்படியே இருந்தாள். பேசினால் பதில் வரும், ஆனால் ஆள் அங்கே இருக்கமாட்டாள். பரிமாறுவாள், தான் சாப்பிடமாட்டாள். திருநள்ளாற்றுக்குக் கூட்டிப் போனேன், அம்பகரத்தூர் அம்மனிடம் போனோம். சாமியையும் அப்படியேதான் பார்த்தாள்; சுவரைப் பார்ப்பதுபோல. கம்பவுண்டர் சார்தான், "மருந்து எழுத எனக்கு அதிகாரம் இல்ல. வியாழக்கிழமை கூட்டிட்டு வா, நாலு பேரோட உக்காரட்டும்" என்றார்.

வந்தாள், உட்கார்ந்தாள். அனுபவம் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். அவளுக்கும் ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. நல்ல ஜோடி.

கோடை தொடங்கிக் கடல்காற்று திரும்பிய சமயம். ஒரு வியாழக்கிழமை தியானத்தின் நடுவில் டீச்சரம்மா "ஆகா" என்று மூச்சுவிட்டது காதில் விழுந்தது. அப்புறம் பக்கத்தில் ஒருவர். அப்புறம் ஒரு தேம்பல். கண்ணைத் திறந்து பார்த்தால், என் மனைவி. உதடு துடிக்கிறது, தோள் குலுங்குகிறது, தாரை தாரையாகக் கண்ணீர். எழப்போன என்னைக் கம்பவுண்டர் சார் கையைக் காட்டி உட்கார வைத்தார். யாரும் அவளைத் தொடவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, அவள் அழுது ஓய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அன்றைக்கு அனுபவம் கேட்டபோது எல்லாரும் ஒரே குரலாக, வாசம் என்றார்கள். "சாம்பிராணி மாதிரி இருக்கு, ஆனா சாம்பிராணி இல்ல. இந்த ஊரு வாசமே இல்லங்க" என்றார் டெய்லர். "குருவோட வருகை" என்றார் டீச்சரம்மா. நான் மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சளிதான் வந்தது. பக்குவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தையல்நாயகி தானாகவே பேசினாள். "பாப்பாவுக்கு எண்ணெ தேச்சு ஊத்திட்டு, தலைக்குப் புகை போடுவேன்ல. அந்தத் தலை வாசம்ங்க. அப்புடியே மடியில வந்து படுத்த மாதிரி இருந்துச்சு." அன்று ராத்திரி தட்டில் சோறு போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு வாராவாரம் வாசம் வந்தது. வாராவாரம் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். தலையில் பூ வைத்தாள். தண்ணீர்க் குழாயடியில் யாரோடோ சண்டைகூடப் போட்டாள்; அதைக் கேட்டு நான் பட்டறையில் பசங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு வாரம் வாசம் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் முகமெல்லாம் வாடிவிட்டது. "யாரோ சுத்தபத்தமில்லாம வந்திருக்காங்க சார். வியாழக்கிழமையும் அதுவுமா மீன் தின்னுட்டு..." என்று டெய்லர் ஆரம்பித்தார். கடற்கரை ஊரில் இதைச் சொன்னால் பாதிப் பேர் தரையைப் பார்க்க வேண்டியதுதான். கம்பவுண்டர் சார் சுண்டலைக் கொடுத்துப் பேச்சை மாற்றினார். ஆனால் என் மனைவி காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது.

"என்னாலதாங்க. பிள்ளைய வாரிக் குடுத்தவ போயி நடுவுல உக்காந்தா சாமி எப்புடி வரும்? நான் இனிமே வரல."

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் தட்டில் எனக்கு மட்டும் சோறு வந்தது. வந்த வழியே அவள் திரும்பிப் போகிறாள், நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது நான் பட்ட பயம், குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிய ராத்திரியில்கூடப் பட்டதில்லை.

அந்தச் சமயம்தான் ஹாஜியார் வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்தது. இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இருந்த பெரிய வீடு அது. ஹாஜியார் காலமாகிவிட்டார், மகன் துபாயில், வீட்டில் அவருடைய சம்சாரம் நாச்சியாம்மாவும் பெண்களும்தான். அந்த வீட்டு முற்றத்துக்குப் பிற ஆண்கள் யாரும் போகமுடியாது. மோட்டார்காரன் என்றால் மட்டும் பெண்களெல்லாம் உள்ளே போய்விடுவார்கள், ஒரு திரையைத் தொங்கவிடுவார்கள், நான் போய் வேலை செய்யலாம். மோட்டாரைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தேன். கிணற்றடிக்கு நேர் மேலே எங்கள் இன்ஸ்டிட்யூட் ஜன்னல். கிணற்றின் கட்டைச்சுவரில் சாம்பிராணிச் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது.

"ஏம்மா, இங்கதான் சாம்பிராணி போடுவீங்களா?" என்று கேட்டேன், சும்மா கேட்பதுபோல.

திரைக்குப் பின்னாலிருந்து நாச்சியாம்மா குரல் வந்தது. "ஆமாந் தம்பி. எங்களுக்கு வியாழன் பொழுது சாஞ்சா வெள்ளி ராவு கணக்கு. மவுத்தாகிப் போயிச் சேந்தவங்க பேருக்கு ஓதிட்டு, வீடு பூரா புகை காட்டிக் கொண்டாந்து கிணத்தடில வைப்போம். மகன் லீவுல வந்தப்ப ஊதுன்னு ஒரு வாசன மரக்கட்ட கொண்டாந்தான். அதையும் ஒரு துண்டு போடுவேன்."

கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றுவிட்டது.

"இப்ப போடுறதில்லையாம்மா?"

"மேல நீங்கல்லாம் கண்ண மூடிக்கிட்டு அல்லாவ நெனச்சு உக்காந்திருக்கீங்க. போன மாசம் ஒரு நா யாரோ இருமுனாங்க, ஜன்னல படார்னு சாத்துனாங்க. அய்யோ, நம்ம புகை அவங்களுக்குத் தொந்தரவா இருக்கேன்னு நிறுத்திட்டேன். இப்ப தெருவாசல் பக்கமே வச்சிக்கிறது."

ஜன்னலைச் சாத்தியது டெய்லர் முத்தையா, கொசுவுக்காக. இருமியது யார் என்று உங்களுக்கே தெரியும். வார்னிஷ்காரன் இருமாமல் வேறு யார் இருமுவார்?

சாயங்காலம் வரை பட்டறையில் உட்கார்ந்து யோசித்தேன். சொன்னால், பாப்பா வந்து மடியில் படுத்தாள் என்று நம்பியிருக்கிறவளிடமிருந்து அதையும் பிடுங்கினாற்போல் ஆகும். சொல்லாவிட்டால், தன் பாவத்தால்தான் சாமி வரவில்லை என்று அவள் உருகிப் போவாள். தண்டபாணித் தெய்வத்தை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

பிறகு, "அப்ப என்னால இல்ல?" என்றாள்.

"இல்ல தையலு."

"யாரு வீட்டுப் புகையா இருந்தா என்னங்க? எனக்கு அழுக வந்துச்சுல்ல. அத யாரு குடுத்தா?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை எனக்கு முன்னாலேயே கிளம்பி, நேரே நாச்சியாம்மா வீட்டுக்குள் போனாள். பெண்பிள்ளை என்பதால் அவளுக்குத் திரை கிடையாது. ரொம்ப நேரம் கழித்து மாடிக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "என்ன பேசினீங்க?" என்று கிசுகிசுத்தேன். "ஒண்ணும் பேசல. ரெண்டு பேரும் கிணத்தடில புகை போட்டோம்" என்றாள்.

நான் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் கம்பவுண்டர் சார் அன்று தியானத்துக்கு முன்னால் எல்லாரிடமும் விஷயத்தை உடைத்தார். சிலர் சிரித்தார்கள். டீச்சரம்மாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. டெய்லருக்குக் கோபம்.

"அப்ப நான் பாத்த ஜோதியெல்லாம் பாய் வீட்டு பல்புங்கிறீங்களா?"

"அது எனக்குத் தெரியாது முத்தையா. நீ பாத்தது நெசமாவே இருக்கட்டும். ஆனா ஜோதி வந்ததுக்கப்புறம் வீட்ல பொண்டாட்டிய திட்டுறது கொறஞ்சிருக்கா, அதச் சொல்லு" என்றார் கம்பவுண்டர் சார்.

டெய்லரின் மனைவியும் அன்று வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். "போன மாசம் கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சுங்க" என்றாள் சன்னமாக. மாடியே சிரித்தது, டெய்லரும் சிரித்துவிட்டார்.

அன்றோடு அனுபவம் கேட்கிற வழக்கம் போயிற்று. அனுபவம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள், வராவிட்டால் தேடாதே, பக்கத்தில் இருக்கிறவனைப் பார் என்பதாக ஆகிவிட்டது. சுண்டலுக்கு முன்னால் கம்பவுண்டர் சார் வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தார்: "இந்த வாரம் வீட்ல எப்புடி இருந்தீங்க?" ஜோதியைச் சொல்வதைவிட அது கஷ்டமான கேள்வி. கிழக்கு ஜன்னலை மட்டும் யாரும் சாத்தக் கூடாது என்று ஏற்பாடு. கொசு கடித்தால் கடிக்கட்டும். எனக்குக் கடைசிவரை அந்த வாசம் தெரியவே இல்லை. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த ஒரே ஆள் நான், அதை முகராத ஒரே ஆளும் நான்.

கம்பவுண்டர் சார் போய்ச் சேர்ந்த பிறகு கூட்டம் மெல்லக் கலைந்தது. நாச்சியாம்மா மவுத்தானபோது தையல்நாயகி மூன்று நாள் அந்த வீட்டிலேயே கிடந்தாள். பிறகு துபாய் மகன் அந்த வீட்டை விற்றுவிட்டார். முற்றமும் கிணறும் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. இன்ஸ்டிட்யூட் இருந்த மாடியில் செல்போன் கடை. கிழக்கு ஜன்னலை அடைத்து ஏசி வைத்திருக்கிறார்கள்.

பட்டறையை விட்டு வருஷங்கள் ஆனதில் என் மூக்குக்கு உயிர் வந்திருக்கிறது. போன மாதம் துபாயிலிருந்து வந்த தெருக்காரப் பையனிடம் சொல்லி ஊதுக்கட்டை வாங்கினேன். வியாழக்கிழமை சாயங்காலம் சாம்பிராணியோடு ஒரு துண்டு போட்டேன். அடேயப்பா, என்ன வாசம்! எனக்கே கண் கலங்கியது. தையல்நாயகி சமையலறையிலிருந்து வந்து நின்று மூச்சை இழுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லீங்க."

"என்ன கொறையுது?"

யோசித்தாள். "யூரியா" என்றாள். "கீழ உரக்கடை வாசம் கலந்து வரும்ல. அப்புறம் அந்த மிஷின் எண்ணெ. டெய்லரு தலையில தேய்க்கிற தைலம். டீச்சரம்மா பூவு."

சட்டியில் புகை அடங்கும் வரை இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் போனில் அந்தத் தியான ஆப் தானாக மணியடித்து, அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. அதைக் கவிழ்த்து வைத்தேன். பத்துப் பதினைந்து பேர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று.