அப்பாவை முதலில் கட்டியவர்

நெஞ்சு வலித்த அன்று அப்பா செய்த முதல் காரியம், தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு சோடா குடித்தது. வாயு என்று நினைத்துக்கொண்டார். அம்மா இறந்து அப்போது மூன்றாவது வருடம். திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே நிட்டிங் ஷெட் இருந்தது. பகலெல்லாம் மெஷின்களோடு இருப்பார், மெஸ்ஸில் சாப்பிடுவார், வந்து படுத்துக்கொள்வார். நான் கல்யாணமாகி ஊரின் இன்னொரு கோடியில் இருந்தேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. எங்களோடு வந்து இருக்கச் சொல்லி நானும் என் கணவரும் எத்தனையோ முறை கூப்பிட்டோம். "மகள் ஊட்டுல வந்து உக்காந்துக்கற அளவுக்கு நான் இன்னும் தளந்து போகல கண்ணு" என்பார்.

மதியத்துக்கு மேல் ஷெட்டில் வேலை செய்பவர் பார்க்கும்போது அப்பாவின் பனியன் தொப்பலாக நனைந்திருந்ததாம். அவர்தான் எனக்கு போன் செய்தார். கோயம்புத்தூருக்குக் கொண்டு போனோம். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வீட்ல அவர்கூட யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"யாருமில்லைங்க டாக்டர். அம்மா தவறிட்டாங்க."

"அதான். சம்சாரம் போனதுக்கப்புறம் வர்ற ஆம்பளைங்க நிறையப் பேரு லேட்டாத்தான் வர்றாங்க. ஏன் இப்படி வேர்க்குதுன்னு கேக்க ஒரு ஆள் இருந்திருந்தா காலையிலயே வந்திருப்பாரு."

அப்பாவை வார்டுக்கு மாற்றிய மறுநாள், தூக்குப்போசியோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். அறுபது வயது இருக்கும். நறுவிசாகக் கட்டிய வாயில் புடவை, நிமிர்ந்த நடை. கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதான் அவரு பொண்ணா கண்ணு? நான் சோமனூருங்க சாமி. உங்கப்பாவை மொதல்ல கட்டுனவ."

அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு கல்யாணம் ஆகி, பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துவிட்டார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு, "வாங்க பெரியம்மா" என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

அப்பா கண்விழித்துப் பார்த்தார்.

"ஒரு கண்ணாலத்துல ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் பேசிக்கிட்டாங்க. மனுசன் ஆஸ்பத்திரியில தனியாக் கெடக்கறாருன்னாங்க, வந்தேன்" என்றார் பெரியம்மா. "நடந்ததெல்லாம் மறந்துட்டுத்தான் வந்தேன்னு நெனைச்சுக்க வேண்டாமுங்க. உப்பில்லாத கஞ்சி கொண்டாந்திருக்கறேன்."

அப்பாவின் கோபத்தை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள். தட்டு பறக்கும், சில நாள் கையும் நீளும். அம்மா அதையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு முப்பது வருடம் குடித்தனம் செய்தார். பெரியம்மா நான்கு வருடம் பார்த்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் பெட்டியோடு சோமனூரில் அவருடைய அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். வாழாவெட்டி என்று ஊர் பேசியதாம். இரண்டாம் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களையும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, தன் அப்பாவின் தறிக்கூடத்தில் தறி ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னாளில் நான் சோமனூருக்குப் போய்ப் பார்க்கும்போது அந்தத் தறிக்கூடம் அவருடையது. தறி போடுகிற சத்தத்துக்கு நடுவில் குரலை உயர்த்தாமலே வேலை வாங்குவார். நான் வியந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்தபோது, தனியாக இருப்பவரை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. பெரியம்மாவே வழி சொன்னார். தினமும் காலையில் எழுந்ததும் அவர் போன் செய்வார், அப்பா எடுத்துப் பேச வேண்டும். அவ்வளவுதான்.

"என்னன்னு பேசறது?" என்று அப்பா கேட்டார்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்லாட்டி மாத்திரை போட்டாச்சுன்னு சொல்லுங்க. கொரலைக் கேட்டாத் தெரியும் எனக்கு."

அடுத்த செக்கப்புக்கு நான் அப்பாவைக் கூட்டிப் போனபோது பெரியம்மாவும் கோயம்புத்தூருக்கு வந்திருந்தார். டாக்டரிடம் சொல்லி, அவருக்கும் பார்க்கச் சொன்னேன். பிரஷர், ஈசிஜி, எல்லாம் சுத்தமாக இருந்தது. டாக்டருக்கு ஆச்சரியம். தனியாக இருக்கிற இந்த வயதுப் பெண்களுக்கு இப்படிப் பார்ப்பது அபூர்வம் என்பதுபோல ஏதோ சொன்னார்.

"தனியா இருந்ததுனால கெட்டுப்போயிருமுங்களா?" என்றார் பெரியம்மா. "இவரு ஊட்டுல இருந்த நாலு வருசந்தானுங்க எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டாலே அடிக்கும். எங்கப்பன் ஊட்டுக்கு வந்த பொறவு அடங்கிப்போச்சு."

அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். பெரியம்மா குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. டாக்டர் கேட்டார், இவர் சொன்னார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு வருடக்கணக்கில் பிரஷர். கடைசியில் நெஞ்சுதான் நின்றது. அந்த வீடுதான் காரணமா என்று நான் பிறகு ஒருநாள் டாக்டரிடமே கேட்டேன். ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது, ஆனால் வருடக்கணக்கில் பயந்துகொண்டே இருப்பது நெஞ்சுக்கு நல்லதில்லை என்றார்.

திரும்பும் வழியில் அப்பா சன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். சோமனூரில் பெரியம்மாவை இறக்கிவிட வண்டி நின்றது. அவர் இறங்கியதும் அப்பாவும் மெதுவாக இறங்கினார்.

"நான் உங்களுக்குச் செஞ்சது தப்புங்க" என்றார்.

அப்பா, வீட்டுப் பெண்கள் யாரையும் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவைக்கூட 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார்.

"சரிங்க" என்றார் பெரியம்மா. "வெயில்ல நிக்காதீங்க. ஏறுங்க."

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது பெரியம்மா போனில் வந்தார். "கண்ணு, உங்கப்பா கொரலு சரியில்ல. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு, ஒரு பேச்சுக்கு ரெண்டு மூச்சு வாங்கறாரு. ஷெட்டுல இருக்கறவங்களை வண்டி எடுக்கச் சொல்லிட்டேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

அவர் சொன்னது சரியாக இருந்தது. இன்னொரு ரத்தக்குழாயில் அடைப்பு. இந்த முறை நெஞ்சுச் சதை சேதமாவதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, கேண்டீனில் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் குடிக்க வைத்தார். அன்று நான் சாப்பிடவே இல்லை என்பது அவருக்குத்தான் தெரிந்தது.

அப்பா வீடு திரும்பியதும் அவரைப் பார்க்கச் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, கோபத்திலும் அப்பாவைப் போலத்தான். அன்று பெரியம்மாவும் வந்திருந்தார். சித்தப்பா சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க அண்ணி, இத்தனை தூரம் பாத்துக்கறீங்க. இனி இங்கேயே வந்து இருந்துட்டா என்னங்க? ஊருல யாரு என்ன சொல்லப் போறாங்க?"

பெரியம்மா பதில் சொல்வதற்குள் அப்பா பேசினார். "அவங்களைக் கேக்காத. அவங்க ஊட்டுல நிம்மதியா இருக்கறாங்க. அது அவங்க கட்டுன ஊடு."

"ஆமாங்க" என்றார் பெரியம்மா. "தூரத்துல இருந்துக்கிட்டேதான் என்னால இவரைப் பாக்க முடியும். கிட்ட வந்தா எனக்குப் பழசெல்லாம் நெனப்பு வரும். அப்பறம் ரெண்டு பேருத்துக்கும் ஆகாது."

எனக்கு அந்த நேரத்தில் இருவர் மேலும் பெரிய மரியாதை வந்தது. பிரிந்து வந்ததை நியாயப்படுத்திக்கொள்ளவும் இல்லை, வருந்தவும் இல்லை பெரியம்மா. ஒரு மனுசனுக்குத் தேவையானதைத் தன்னால் முடிந்த தூரத்திலிருந்து கொடுத்தார். அப்பாவும் அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது. அவரோடு வந்திருந்த சித்தி சுவரோரம் உட்கார்ந்து, வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார். பெரியம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பிரசர் பாத்து எத்தனை நாளாச்சுங்க?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கறேன்."

"சரி, போயிப் பாருங்க. போகும்போது இவங்களையும் கூட்டிட்டுப் போங்க. இவங்களுக்குத்தான் மொதல்ல பாக்கோணும்."

அடுத்த வாரம் இருவரும் போனார்கள். சித்தப்பா சொன்னபடி அவருக்கு ஒன்றுமில்லை. சித்திக்குத்தான் பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது.