மரவள்ளிக்கு இஞ்சிச் சம்பல்

மரவள்ளிக் கிழங்கும் இஞ்சியும் ஒரே வயிற்றுக்குள் போனால் ஆள் தப்பாது. நெருப்புச் சுடும் என்பதற்கு அடுத்ததாக எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஐயாவின் ஊரில் ஒருவர் மத்தியானம் மரவள்ளி தின்றுவிட்டுப் பின்னேரம் மறதியாக இஞ்சி போட்ட தேத்தண்ணீர் குடித்தாராம். முதலில் நித்திரை தூக்கியதாம். பிறகு நகம் நீலமாகியதாம். பிறகு நுரை. அந்த மனிதரின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நகம் நீலமானது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, நெடுங்கேணிக்கு அப்பால் குளத்துக்குக் கீழே காணி கிடைத்துக் குடியேறியவர்கள். மாரியில் வயல். கோடையில் குளம் வற்றிவிட, கிணற்றடித் தோட்டம்தான் சீவியம். அம்மாவின் தங்கை எங்களோடு வந்திருந்தார். எனக்குச் சின்னம்மா. வயல் ஐயாவுடையது என்றால் தோட்டம் சின்னம்மாவுடையது. மிளகாய், கத்தரி, பாகல், வேலியோரம் மரவள்ளி, வாழை நிழலில் இஞ்சி. மரவள்ளி அவிக்கிற நாளில் இஞ்சியை அவர் கண்ணிலும் காட்டமாட்டார்.

அந்தக் கோடையைப் போல ஒரு கோடையை நான் அதற்குப் பிறகு காணவில்லை. ஆவணியில் சின்னம்மாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை உடையார்கட்டில். கலியாண வீட்டுக்கென்று தோட்டத்தில் காய்த்ததெல்லாம் வெயிலுக்கு வந்தது. பாவற்காய் வட்டம் வட்டமாக உப்பிலும் மஞ்சளிலும் பிரட்டி ஒரு பாயில். கத்தரிக்காய் இன்னொரு பாயில். கீறிய மிளகாய் இரவில் மோருக்குள் ஊறும், பகலில் காயும். ஊறுகாய்க்கு வெட்டிய தேசிக்காய் உப்போடு சாடிக்குள் கிடந்து கறுத்துக்கொண்டு வந்தது. காகமும் குரங்கும் கலைப்பது என் வேலை. பாதி காய்ந்த மோர்மிளகாயைத் திருடித் தின்பது நானே எடுத்துக்கொண்ட சம்பளம். சின்னம்மா கண்டால், “டேய், மாப்பிள்ளை வீட்டாருக்குக் காம்புதான் மிஞ்சப்போகுது” என்பார். அவ்வளவுதான். அவர் என்னை அடித்ததே இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம் ஐயா சைக்கிளில் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் விடாமலே வேலியில் சாத்திவிட்டு, கிணற்றடியில் நின்ற அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா துலாக் கயிற்றைக் கைவிட்டார். தண்ணீர் அள்ளுகிற பட்டை கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் கேட்டது. உடையார்கட்டுக்காரர் வேறு இடத்தில் சம்பந்தம் முற்றாக்கிவிட்டார்களாம். பாய் சுருட்டிக்கொண்டிருந்த சின்னம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் சுருட்டி முடித்து, மிளகாயை மோருக்குள் போட்டு, மூடியில் கல்லும் வைத்தார். அன்றிரவு அவர் படுத்ததை நான் காணவில்லை.

விடிய ஐயாவும் அம்மாவும் மாப்பிள்ளை வீட்டாரோடு நேரில் கதைப்பதற்கென்று முதல் பஸ்ஸில் போனார்கள். நானும் சின்னம்மாவும் தனித்தோம். அவர் வழமைபோல எல்லாவற்றையும் வெயிலில் பரப்பினார். பிறகு தலைக்குக் குளித்துத் தோய்த்த சேலை உடுத்து, திருநீறு பூசிக்கொண்டார். வெள்ளிக்கிழமையாக்கும் என்று நினைத்தேன். மரவள்ளி ஒன்றைப் பிடுங்கி அவித்தார். என்னைக் கூப்பிட்டு வாழையடியில் இரண்டு துண்டு இஞ்சி கிண்டிவரச் சொன்னார். ஊறுகாய்க்கு என்று நினைத்துக் கிண்டிக் கொடுத்தேன். அம்மியில் அரைக்கிற மணம் வந்தபிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எனக்கு முன்னால் பழஞ்சோறு வந்தது. சின்னம்மாவின் கோப்பையில் மரவள்ளியும், பக்கத்தில் மஞ்சளாய் ஒரு குவியல் இஞ்சிச் சம்பலும்.

“சின்னம்மா, அது இஞ்சியெல்லே?”

“ஓம்.”

“மரவள்ளியோடை இஞ்சி தின்னக்கூடாதெல்லே?”

“அது சின்னப் பிள்ளையளுக்கு” என்றுவிட்டு அவர் சாப்பிடத் தொடங்கினார். பசியில்லாதவர் சாப்பிடுவதுபோல, ஒவ்வொரு துண்டாகத் தொட்டுத் தொட்டு விழுங்கினார். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாதென்றால் எனக்கு மட்டும் என்ன என்று நானும் கையை நீட்டினேன். புறங்கையில் ஒரு அடி விழுந்தது. நோவைவிட ஆச்சரியந்தான் கூட. “நீ சோத்தைத் தின்” என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். விறாந்தையில் பாயை விரித்துச் சரிந்துகொண்டு, பின்னேரம் மறக்காமல் மிளகாயை மோருக்குள் போடச் சொன்னார். “கொம்மாவுக்குச் சொல்லு, ஊறுகாய்ச் சாடியை ஈரக் கையோடை திறக்கவேண்டாமெண்டு. நான் திண்டதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை, ராசா.” அதோடு கண்ணை மூடினார்.

முதலில் நித்திரை.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பக்கத்தில் போய்க் குந்தினேன். விரல்களைப் பார்த்தேன். நாள்கணக்காக மஞ்சளும் உப்பும் பிரட்டிய கை. நகமெல்லாம் மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. அந்த நிறத்துக்குள் நீலம் வந்தால் எப்படித் தெரியும்? எச்சிலைத் தொட்டு ஒரு நகத்தைத் துடைத்துப் பார்த்தேன். சின்னம்மா கையை இழுக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தலையணையிலிருந்து ஒரு இழை பஞ்சை இழுத்து மூக்கடியில் பிடித்தேன். அசைந்தது. அது மூச்சிலா காற்றிலா என்று தெரியவில்லை. ஒரு இலையான் பறந்துவந்து அவருடைய கன்னத்தில் இருந்து, வாயோரம் வரைக்கும் நடந்து போனது. ஆளுக்கு உயிர் இருந்தால் இலையானை விரட்டாமல் இருப்பாரா என்று யோசித்தேன். நானே விரட்டினேன். வாயோரம் ஈரமாக இருந்தது. நுரையா என்று குனிந்து பார்த்தேன்.

அடுத்த காணிக்காரர் வீடு பற்றைக்காட்டுக்கு அப்பால். ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறார். அதோடு, நான் போய்த் திரும்புவதற்குள் நகம் நீலமாகிவிட்டால் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இஞ்சி கிண்டிக் கொடுத்தது யார் என்று கேட்டால் நான் என்றுதான் சொல்லவேண்டும். கால் விறைத்துப்போகக் குந்தியிருந்து அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தேன். கொஞ்சம் தாமதமானாலும் என் மூச்சும் நின்றது. கூப்பிட்டு எழும்பாவிட்டால் என்ற பயத்தில் கூப்பிடவும் இல்லை.

முற்றத்தில் சரசரப்புக் கேட்டது. குரங்குகள். ஒரு கூட்டமே பாய்களில் இருந்து விருந்து சாப்பிட்டது. பாவற்காயைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்து எறிந்தது ஒன்று. கத்தரிக்காய்ப் பாயை இரண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கலியாணத்து வற்றல் என் கண் முன்னால் போகிறது, நான் எழும்பவில்லை. நான் எழும்பினால் சின்னம்மாவின் நெஞ்சு நின்றுவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வேலியின் நிழல் முற்றத்துக்கு வந்தபோது அவர் கண் திறந்தார். கூரையையே கனநேரம் பார்த்தார். பிறகு மெல்ல எழும்பியிருந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொம்மா வந்திட்டாவோ?”

“இல்லை.”

முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒற்றைக் காகத்துக்கே விளக்குமாற்றோடு ஓடுகிறவர், அத்தனை குரங்கையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். எனக்கோ உயிர் திரும்பி வந்திருந்தது. தடியை எடுத்துக்கொண்டு பாய்ந்து கலைத்துவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்தேன்.

“பாத்தியளே சின்னம்மா? ஒண்டும் செய்யேல்லை. அது பொய்க்கதை.”

“ஓம்” என்றார். “ஒண்டும் செய்யேல்லை.”

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். மிளகாய் பிடித்த கையைக் கண்ணில் வைத்துவிட்டார் என்று நினைத்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முகத்தைக் கழுவினார். கழுவிய பிறகும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோசம். எஞ்சிய மிளகாயை நானே பொறுக்கி மோருக்குள் போட்டேன்.

கடைசி பஸ்ஸில் அம்மாவும் ஐயாவும் வெறுங்கையோடு வந்தார்கள். குரங்கு தின்றதற்கு எனக்கு இரண்டு அடி விழுந்தது. வாங்கிக்கொண்டேன். ஆவணி வந்தது, போனது. மிஞ்சிய வற்றலை அந்த மாரி முழுக்க நாங்களே பொரித்துத் தின்றோம். சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். அடுத்த கோடைக்கும் மிளகாய் நட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கால் போன பக்கமெல்லாம் போய் வேலை செய்தேன். லொறிக்கு மரம் ஏற்றிய இடத்தில், புகையிலைக் கொட்டிலில், எங்கே மரவள்ளி அவித்தாலும் இஞ்சி கடித்துக் காட்டுவேன். சனம் பயந்து பார்க்கும். அப்போது, உயிரைக் கொடுத்து இதைச் சோதித்துப் பார்த்த என் சின்னம்மாவின் கதையைச் சொல்வேன். நகம் துடைத்தது, குரங்கு விருந்து எல்லாம் சேர்த்துத்தான். சிரிப்பார்கள். ஆனையிறவில் உப்பு அள்ளிய காலத்தில் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் சொன்னபோதும் சிரித்தார்கள். உப்புக் கூடை சுமக்கிற ஒரு மனுசி மட்டும் சிரிக்கவில்லை. “அதுக்கு முதல் நாள் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, தம்பி?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் மாறிய கதையை நான் ஒருநாளும் இதோடு சேர்த்துச் சொன்னதில்லை. அது வேறு கதை என்றுதான் நினைத்திருந்தேன்.