மேகம் மூடிய தீபம்

கடைத்தெருவில் இன்று வெல்லப்பாகில் பொரி கிளறும் வாசனை வந்ததும், மலையடிவாரத்து வேங்கிக்காலில் இப்போது வீடுகள் முளைத்துவிட்ட எங்கள் களத்துமேட்டுக்கு மனசால் போய்விட்டேன். கார்த்திகை தீபத்தன்று பாட்டியின் பல்லில் பச்சைத்தண்ணீர் படாது. மலைமேல் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பாடு. மாமியார் சாப்பிடாமல் அம்மாவும் சாப்பிடமாட்டாள். அதனால் சாயங்காலம் மூன்று பேரும், சாணம் மெழுகிய ஈரத்தில் கால் சில்லிட, களத்தில் மலையைப் பார்த்து நிற்போம்.

எனக்கு ஏழு வயதான வருஷம் மேகம் மலையை மூடிவிட்டது. டவுன் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது, தீபம் தெரியவில்லை. பாட்டிக்கு அதற்குள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது.

“தெரியுது அத்தை, கும்பிடுங்க” என்றாள் அம்மா. நான் வாய் திறப்பதற்குள் என் தொடையைக் கிள்ளினாள்.

பாட்டி கைகூப்பினாள். “நல்லா தெரியுதுடி. போன வருஷத்தவிட ஜாஸ்தியாவே எரியுது. காலையிலேருந்து பட்டினி கெடக்கிற, மொதல்ல நீ போய் சாப்புடு.”

பக்கத்துக் களத்தில், “ஒண்ணுமே தெரியலையே” என்று எல்லோரும் உரக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். பாட்டிக்குக் கண்தான் போயிருந்தது. காது நன்றாகவே கேட்கும்.