தொரை வாயில மாதா பேரு

எங்க வீட்டுக்காரரு இக்னேசியஸ், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, மேனேஜர் தொரையோட பங்களாச் சமையல்காரரு. கோழிக்குஞ்சைக்கூட அதட்டத் தெரியாது. சாராய வாடை அடிச்சாலே மூக்கைப் பொத்திக்குவாரு. அந்தத் தொரைக்கோ 'ப்ளடி' போடாமப் பேச்சே வராது. மழை பெஞ்சா ப்ளடி மழை, சூப்பு சுட்டா ப்ளடி சூப்பு, எங்காளு ப்ளடி ஃபூல். வருசக் கணக்கா இதே பாட்டு.

தொண்ணூத்தாறுல எனக்குப் பொறுக்கல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து நடராசா மாஸ்டர்கிட்ட, "அது என்னா வார்த்தைங்க?"ன்னு கேட்டேன். யாழ்ப்பாணத்து மனுசன், நிதானமாத்தான் சொன்னாரு.

"ரத்தம் எண்டதில இருந்து வந்த சொல், தங்கச்சி. அழுத்திச் சொல்லப் போடுறது, கேக்கிறவைக்கு வசவு மாதிரி. 'பை அவர் லேடி', மாதாவின்ர பேரில சத்தியம் எண்டதுதான் அப்படி மருவிப்போச்சு எண்டும் சிலபேர் சொல்லுவினம். அதுக்கு ஆதாரமில்லை."

அப்படியே வந்து வீட்டுல சொன்னேன். ஆதாரமில்லைங்கிறது மட்டும் அவரு காதுல ஏறல. "நம்ம மாதாவையா இந்தாளு சூப்புக்கும் சட்டிக்கும் இழுக்குறான்?"னு கொதிச்சுப்போயிட்டாரு.

மறுநாள் சாப்பாட்டு மேசையில தொரை அதைச் சொன்னதும், "அப்படிச் சொல்லாதீங்க தொரை, பாவம்"னுட்டாரு. அம்புட்டுத்தான், வேலை போச்சு. தோட்டத்து வேலையாளுங்க பதிவுல எனக்குப் பேரு இல்ல, அவரு வேலை போனா நாங்க குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போயிரும். டிசம்பர்ல மக அனோஜாவுக்கு ஓ லெவல் சோதனை. எங்கன்னு போறது? எங்க அம்மா வீடும் ஒத்தைக் காம்பராதான், படுக்கவே எடமில்ல.

தொழிற்சங்கத்துத் தலைவரு சிவசாமி எங்க ரெண்டு பேரையும் பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. போனதும், "குடிச்சிட்டு ஒளறிட்டான் தொரை, மன்னிச்சிருங்க"ன்னாரு. எங்காளு ஏதோ சொல்ல வந்தாரு. "புள்ளைய நெனைங்க"ன்னு கையைப் புடிச்சு அமுக்கிட்டேன். வேற என்னாங்க செய்வேன்?

குடின்னதும் தொரைக்குச் சிரிப்பு வந்துருச்சு. குடிகாரன்னா மன்னிப்பாராம், கேள்வி கேட்டவன்னா மன்னிக்க மாட்டாராம்! "இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லு"ன்னாரு.

"மாதா மேல பண்ணுப்பா"ன்னு தலைவரு முதுகுல தட்டுனாரு.

சாராய வாடைக்கே மூக்கைப் பொத்துற மனுசன், இனிமே குடிக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனாரு. வேலையும் காம்பராவும் தப்பிச்சுச்சு, புள்ளையும் சோதனை எழுதுனா. முன்னாடி வீட்டுல செபமாலை சொல்றது அவருதான், அன்னையிலேர்ந்து நான்தான் சொல்றேன். அவரு பக்கத்துல முட்டி போடுவாரு, வாயத் தொறக்க மாட்டாரு.