கையெழுத்துப் போட்டவன் ஏறணும்

ஓட்டை உடைசல் பஸ்ஸையோ, கடகடவென்று ஆடும் ஸ்கூட்டரையோ பார்த்து "டப்பா டக்கோட்டா" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். டக்கோட்டா விமானத்தின் என்ஜினுக்குள் முழங்கை வரை கையை விட்டு வேலை பார்த்திருக்கிறீர்களா ஐயா நீங்கள்? நான் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு நாளல்ல, பதினோரு வருஷம். அதனால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் கொச்சித் தீவிலிருந்த விமானத்தளத்துக்கு என்ஜின் மெக்கானிக்காக வந்தேன். குடித்தனம் மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில். காலையில் படகேறினால், குடித்த காப்பியின் ருசி நாக்கிலிருந்து போவதற்குள் தீவு வந்துவிடும். தளத்தில் எல்லோருக்கும் நான் 'ஸ்வாமி'. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர்களான பட்டர் வீட்டுப் பிள்ளையை மலையாளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அவர்களைப் பார்த்து மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் டக்கோட்டா உலகப் போரில் பறந்து, எத்தனையோ கை மாறி எங்களிடம் வந்தது. மூட்டை முடிச்சும் ஆட்களும் ஏற்றிப் போகிற விமானம். உள்ளே எப்போதும் ஒரு வெங்காய வாசனை. என்ன கழுவினாலும் போகாது. ஜூன் மாசத்து இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பைலட் உட்காருமிடத்தில் கண்ணாடியின் ஓரம் வழியாகத் தண்ணீர் சொட்டும். மேலே போகும்போது மடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்வார்கள். என்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒழுகுகிற வரைக்கும் எங்களுக்குக் கவலையில்லை. ஒழுகல் நின்றால்தான் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று ஓடுவோம்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய வேலை பார்த்த என்ஜினை மூடிவிட்டு, 'எல்லாம் சரி' என்று ஃபாரத்தில் எவன் கையெழுத்துப் போடுகிறானோ, அவனும் முதல் சோதனைப் பறத்தலில் ஏறியாக வேண்டும். எழுதிய சட்டமா என்று எனக்குத் தெரியாது. அது எங்கள் சார்ஜென்ட்டின் சட்டம். கோட்டயத்துக்காரர், தொண்டை ஒலிபெருக்கி மாதிரி. "ஒப்பிட்டவன் கேறணும்" என்பார். கையெழுத்துப் போட்டவன் ஏறணும், அவ்வளவுதான், பேச்சே கிடையாது.

நான் ஆசையாக ஏறுவேன். பைலட்டுகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு கான்வாஸ் இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்து, நான் முடுக்கிய என்ஜின் பாடுவதைக் கேட்டுக்கொண்டே, கீழே காயல் கடலில் சேரும் அழிமுகத்தையும் வலைகளையும் ஓட்டுக் கூரைகளையும் பார்ப்பதைப் போல ஒரு சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. எங்கள் சந்துக்கு மேலே திரும்பும்போது, ஓட்டின்மேல் காயும் என் பெண்டாட்டியின் புடவைகூடத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மஞ்சள் புடவை காஞ்சுதா?" என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன்.

ஏனென்றால் நான் பறப்பது அவளுக்குத் தெரியாது.

பெண் பார்க்கப் போனபோதே மாமனார் கேட்டார்: "மாப்பிள்ளை பறக்கறவரா, தரையில இருக்கறவரா?" நான் பதில் சொல்வதற்குள், கதவுக்குப் பின்னாலிருந்து அவளே சொன்னாள்: "தரைன்னா எனக்குச் சம்மதம். இல்லேன்னா வேண்டாம்." அப்படி ஒரு பெண்ணை விட மனசு வருமா? "தரைதான்" என்றேன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது; கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு வந்தது அடுத்த வருஷம். வந்தபிறகு சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏறாதீர்கள் என்பாள். அவள் சொன்னால் நான் மீறமாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும். அந்தக் கான்வாஸ் இருக்கையை இழக்க எனக்கு மனசில்லை. நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திருட்டுத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

எங்கள் பைலட் ஒரு சர்தார். என் டிபன் டப்பாவிலிருக்கும் அரிசி உப்புமாவில் பாதி அவருக்குத்தான் போகும். "ஸ்வாமிஜி, ஒருநாள் உன் வீட்டுக்கு வந்து, ஐயாயிரம் அடி உயரத்தில் இது இன்னும் ருசி என்று உன் மனைவியிடம் சொல்லப் போகிறேன்" என்பார். நான் மீதிப் பாதியையும் அவர் பக்கம் தள்ளிவிடுவேன்.

எல்லாம் வெளிப்பட்டது ஓர் ஊஞ்சலால். மாமனார் சீராக அனுப்பிய தேக்குப் பலகை. உத்தரத்தில் அதைத் தாங்கும் கொக்கியின் நட்டு தளர்ந்து, ஆடும்போதெல்லாம் க்ரீச் க்ரீச் என்று கத்தும். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. ஊஞ்சல் ஊஞ்சல் என்று உயிரை வாங்கும். இவளோ குழந்தையை அதில் ஏற்றவே விடமாட்டாள்.

"ஊருக்கெல்லாம் ஏரோப்ளேன் முடுக்கறேள். ஆத்து ஊஞ்சலை முடுக்க உங்களுக்கு வக்கில்லை" என்றாள் ஒரு நாள்.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. மறுநாள் சாயங்காலம் தளத்திலிருந்து அரை அங்குல ஸ்பானரைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பெரிய தப்பு. எங்கள் கருவிப் பை, கான்வாஸில் அறை அறையாகத் தைத்தது. பதினாறு அறை, பதினாறு கருவி. வேலை முடிந்தால் எண்ணவேண்டும். ஒன்று குறைந்தால் அது என்ஜினுக்குள் கிடக்கிறது என்றுதான் வைத்துக்கொள்ளவேண்டும். முன்பு ஒருமுறை ஒரு குறடு காணாமல் போய், பிரிவு முழுக்கச் சோறு தண்ணியில்லாமல் சாயங்காலம் வரை தேடினோம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

ஊஞ்சலை முடுக்கினேன். குழந்தை அதற்குள் தூங்கிவிட்டது. காலையில் ஒரே அவசரம். ஸ்பானரைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றுதான் என் நினைவு.

அன்றைக்கு இடது என்ஜினில் கடைசிக் கட்ட வேலை. கையில் அகப்பட்ட ஸ்பானரையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு முடுக்கினேன். மூடியைப் பூட்டினேன். முந்தின நாள் எண்ணியது சரியாக இருந்தது, வீட்டுக்குக் கொண்டுபோனதும் திரும்பி வந்தாயிற்று என்ற நினைப்பில் பையை எண்ணாமலே சுருட்டிக்கொண்டு, ஃபாரத்தில் கையெழுத்தைப் போட்டு ஏறிவிட்டேன்.

கடலுக்கு மேலே போய்விட்டோம். என்ஜின் அருமையாக ஓடியது. சர்தார் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். உள்ளே எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க டார்ச் எடுக்கலாம் என்று பையைப் பிரித்தேன். அரை அங்குலத்தின் அறை காலி.

ஒரு தரம் எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன். பதினைந்து. வீட்டிலிருந்து கொண்டுவந்தேனா? கொண்டுவந்தேன். மூடிக்குள் விட்டுவிட்டேனா? கொண்டுவரவே இல்லையா? எதுவும் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. அந்த மூடிக்குள் என்ஜினை இயக்கும் கம்பிகளெல்லாம் ஓடுகின்றன. நடுவில் ஓர் இரும்புத் துண்டு போய்ச் சிக்கிக்கொண்டால் அப்புறம் பைலட் சொல்வதை என்ஜின் கேட்காது.

பேசாமல் இருந்துவிட்டால்? இறங்கியதும் ஓடிப்போய் நானே மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலோ விசாரணை, கையெழுத்து அதிகாரம் போகும், அந்த இருக்கையும் போகும். இதையெல்லாம் நான் நினைத்தேன், மறைக்கமாட்டேன். ஆனால் அடுத்து இடது என்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றிப் பார்க்க சர்தார் கையை நீட்டினார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சார், தொடாதீங்க! ஒரு ஸ்பானரைக் காணோம்!"

"உள்ளேயா?"

"தெரியாது சார். பையில் இல்லை."

பஞ்சாபியில் ஏதோ நீளமாகச் சொன்னார். வாழ்த்தாக இருந்திருக்காது. பிறகு ரேடியோவில் தளத்துக்குச் சொல்லிவிட்டு, அந்த என்ஜினைப் பச்சைக் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, வேகத்தை மாற்றாமல் மெல்ல மெல்ல இறக்கினார். கீழே தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு ஓடுபாதையின் ஓரமாக ஓடிவருவது தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வந்திருக்கும்.

"எவிடேடோ ஸ்பானர்?" என்று கத்திக்கொண்டே சார்ஜென்ட் ஏணியருகில் நின்றார். மூடியைக் கழற்றினோம். விரல் நுழைகிற இடமெல்லாம் நுழைத்துப் பார்த்தோம். ஸ்பானர் இல்லை. இல்லை என்பது நிம்மதியே இல்லை. கிடைக்கிற வரைக்கும் விமானத்தை எவனும் தொடமுடியாது. சார்ஜென்ட் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்கவேண்டும்.

அப்போதுதான் வாசல் காவலிலிருந்து போன் வந்தது. சார்ஜென்ட் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். "ஸ்வாமீ, வாசலில் உன் பெண்டாட்டி நிற்கிறாளாம். கையில் ஸ்பானர் வைத்துக்கொண்டு."

ஓடினேன். வாசலில், இடுப்பில் குழந்தையோடு, வேர்த்து விறுவிறுத்து நின்றாள். குழந்தையின் துண்டில் சுற்றி ஸ்பானர். ஊஞ்சல் பலகையிலேயே கிடந்ததாம். அது இல்லாமல் எல்லோரும் பட்டினி கிடந்து தேடுவார்களே என்று, தனியாகப் படகில் ஏறியே பழக்கமில்லாதவள், கேட்டுக் கேட்டு வந்துவிட்டாள்.

வாசலில் நின்ற காவல்காரப் பையன், நல்லவன், மரியாதையாகச் சொல்லியிருக்கிறான்: "ஸ்வாமி இப்போ இங்கே இல்லை சேச்சி. அதோ, அந்த விமானத்தில் இருக்கிறார். கையெழுத்துப் போட்டவர் ஏறவேண்டும், அதுதான் இங்கே வழக்கம்." அவன் சுட்டிக் காட்டிய நேரத்தில்தான் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறது. நாங்கள் இறங்குகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்று பார்த்திருக்கிறாள்; அதற்கப்புறம்தான் பையன் உள்ளே போன் செய்திருக்கிறான்.

ஸ்பானரை என் கையில் வைத்தாள்.

"தரைன்னேளே" என்றாள். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஸ்பானரோடு விமானத்துக்கே திரும்பி ஓடினேன்.

பதினாறும் சரியாகிவிட்டது. சார்ஜென்ட் பையைத் தானே எண்ணினார். "ஒரு மாசத்துக்கு உன் பையை நான்தான் எண்ணுவேன். அதிகாரத்தை உனக்குப் பதிலாக உன் பெண்டாட்டிக்குக் கொடுத்திருக்கவேண்டும்" என்றார். அதோடு விட்டாரே, அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும். ஆனால் கழற்றிய மூடியை மறுபடி பூட்டியாயிற்று, மறுபடி கையெழுத்து, மறுபடி சோதனைப் பறத்தல். வாசலுக்குப் போனேன்.

"இன்னொரு தரம் ஏறணும்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "போங்கோ" என்றாள். அது சம்மதமா, கோபமா, இதுதான் கடைசி என்று அர்த்தமா, எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு மேலேயிருந்து நான் மட்டாஞ்சேரியைப் பார்க்கவில்லை. தளத்தின் வாசலையே பார்த்தேன். ஒரு புள்ளியாக அங்கேயே நின்றாள்.

திரும்பும் படகில் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குழந்தை மட்டும் தண்ணீரைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டு வந்தது. பாதித் தூரத்தில் என்னால் பொறுக்கமுடியவில்லை. "மேலேர்ந்து பாத்தா, ஓட்டுமேல காயற உன் மஞ்சள் புடவைகூடத் தெரியும். அதைப் பாக்கற ஆசைதான். இனிமே ஏறமாட்டேன். சார்ஜென்ட்கிட்டச் சொல்லி வேற வேலை வாங்கிக்கறேன். போதுமா?" என்றேன். அவள் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை நேரே ஊஞ்சலுக்கு ஓடியது. இவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"ஏறுங்கோ."

"எதுல?"

"ஊஞ்சல்லதான். நீங்க முடுக்கினதுதானே? முடுக்கினவா மொதல்ல ஏறிக் காட்டணுமாமே. அந்தப் பையன் சொன்னான்."

யூனிபாரத்தோடு, எண்ணெய்க் கையோடு உட்கார்ந்தேன். சங்கிலியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பின்னால் போய் நின்று தள்ளினாள் பாருங்கள், அம்மாடி! கால் எதிர்ச்சுவரில் முட்டியது, காரை உதிர்ந்தது. நாலு வருஷத்துக்கும் சேர்த்துத் தள்ளினாள். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள், கொக்கி கத்தவில்லை.

பிறகு சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்தாள்.

"வேற வேலையெல்லாம் ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றாள். "ஏர்ற அன்னிக்குக் காலம்பற சொல்லிட்டுப் போங்கோ. மஞ்சள் புடவையை ஓட்டுமேல காயப்போடறேன்."