வாகனத்தைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளை

பல வருடங்களாக நான் கனடா இராணுவத்தின் பகுதிநேரப் படையில் இருந்தேன். வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு. களஞ்சியத்தில் சப்பாத்துகளையும் கூடாரங்களையும் சரிபார்த்து அடுக்குவதுதான் வேலை. எங்கள் தெருவில் பாதிப்பேர் நான் சப்பாத்துக்கடையில் நிற்பதாக நினைத்திருந்தார்கள். பிறகு ஆட்சேர்ப்புக்கு ஆள் போதாமல், எங்களைப் போன்ற பழைய பகுதிநேரக்காரரை முழுநேரப் பணிக்கு அழைத்தார்கள். ஸ்காபரோவில் தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன்ட் கிடைத்ததில் என் மேலதிகாரியான கப்டனுக்கு மிகுந்த சந்தோஷம். நான் பொறுப்பேற்ற முதல் கோப்பிலேயே அதைக் குறைத்துவிட்டேன்.

கோப்புக்குரியவள் இருபத்துநாலு வயதுப் பெண். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பாரந்தூக்கும் வண்டிகளைத் திருத்துகிறாள். இராணுவத்தில் வாகனத் திருத்துநராக வேண்டும் என்பது விருப்பம். பரீட்சைகளில் நல்ல புள்ளி. அவளைத் தெரிந்த இருவரிடம் விசாரிப்பதுதான் மிச்சம் என்று அவளிடம் சொன்னேன்.

“அன்ரி, ஆள் எடுக்கிற இந்த இன்டேக்கை விட்டால் அடுத்தது எப்பவெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். நான் வேலையில சொல்லியும்போட்டன்.”

“இங்கே அன்ரி இல்லை. சார்ஜன்ட்.”

“சொறி, அன்ரி.”

வெயார்ஹவுஸ் மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் இரண்டே வசனம் சொன்னார்: எதையும் கழற்றுவாள், கழற்றியதைப் பூட்டுவாள். மற்றவர் மோர்னிங்சைட் அடுக்குமாடியில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா. அவருக்கு ஆங்கிலம் சிரமம் என்பதால் கேள்விகளை முன்கூட்டியே நல்ல தமிழில் எழுதி, வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் தொலைபேசியில் அழைத்தேன். என் பெயரைச் சொன்னேன். இராணுவத்தில் வேலை என்றும் சொன்னேன்.

“நல்ல உத்தியோகம்,” என்றார் அக்கா. “கேளுங்கோ.”

“பிள்ளையை எவ்வளவு காலமாகத் தெரியும்? குணம் எப்படி? கோபம் வருமா? வேண்டாத பழக்கம் ஏதும் உண்டா?”

“தங்கமான பிள்ளையம்மா. வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லாது. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் கோயில்.”

“வாகனங்களில் ஈடுபாடு எப்படி?”

“சீச்சீ! அது வாகனத்தைக் கண்டாலே ஒதுங்கி நிக்கிற பிள்ளை. சமையல் எண்டால் கைராசி.”

சமையலைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டேன். சொன்னது எதையும் விடக்கூடாது என்பது என் கொள்கை. கடைசியில் அக்கா, “உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?” என்று கேட்டார். மரியாதைக்குப் பதில் சொன்னேன். ஒரு மகன், இருபத்தெட்டு, எஞ்சினியர். “ஓமோம்,” என்றார். அந்த ‘ஓமோம்’ சற்று நீளமாக இருந்தது. அதை மட்டும் நான் எழுதிக்கொள்ளவில்லை.

திங்கள் பின்னேரம் என் கணவர் மீன்கடையிலிருந்து பையுடன் வந்து கதவடியிலேயே நின்றார்.

“என்னப்பா, எங்கட பெடியனுக்குப் பொம்பிளை பாத்திட்டீராமே? ஒரு மனிசன் மீன் வெட்டக் குடுத்திட்டு நிண்ட என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினான். முழுச் சபையும் வாழ்த்திச்சுது. எனக்குத்தான் சங்கதி தெரியாது.”

“ஆர் சொன்னது?”

“பொம்பிளை பகுதி எங்களைப் பற்றி விசாரிக்குதாம். என்னைக் குடிகாரன் இல்லையெண்டு ரெண்டுபேர் சொல்லியிருக்கினம். மூண்டாவது ஆள் யோசிச்சுத்தானாம் சொன்னவர்.”

அப்போதுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத ஒரு பெண், நல்ல தமிழில், ஒரு பிள்ளையின் குணத்தைப் பற்றிக் கேட்டால், எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அறிக்கையோ ஏற்கனவே கப்டனிடம் போயிருந்தது.

மறுநாள் கப்டன் என்னை அழைத்தார். “இவள் எதையும் கழற்றுவாள் என்கிறார் ஒருவர். வாகனத்தைக் கண்டாலே ஒதுங்குவாள் என்கிறார் மற்றவர். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் யாரென்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோப்பை மூடவேண்டிவரும்.”

நேரில் போகக்கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை. தேடிப்பார்த்தேன். வேலை நாள் என்பதால் சீருடையுடனே மோர்னிங்சைட் போனேன். வருவதாக முதலிலேயே சொல்லியிருந்தேன். கதவு திறந்தபோது உழுந்துவடை வாசம் வந்தது. அக்கா புதுச்சேலை உடுத்தியிருந்தார். சீருடையைக் கண்டதும் அவர் கை கதவுச் சங்கிலிக்குப் போனது. ஊரில் போருக்குள் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு அந்தக் கை தானாகவே போகும். முதன்முதல் சீருடையுடன் என்னைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் கை அப்படித்தான் போனது. பிறகு அக்கா என் தோளுக்கு மேலால் நடைபாதையை எட்டிப் பார்த்தார்.

“தம்பி வரேல்லையோ?”

இருத்தி வைத்து விஷயத்தைச் சொன்னேன். கலியாணம் இல்லை, வேலை. அக்கா வடைத்தட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினிக்குள் வைத்துவிட்டு வந்தார்.

“எத்தினை ஆமியைக் கண்டு ஓடி வந்தனாங்கள், தங்கச்சி. உவள் அதுக்குள்ளயே போகப்போறாளாமோ?”

“தானாகவே கேட்டு வந்தவள், அக்கா.”

“நான் முந்திச் சொன்னதையே சொன்னால்?”

“கோப்பை மூடுவார்கள். வெயார்ஹவுஸில் இருப்பாள்.”

அக்கா யன்னலால் கீழே பார்க்கிங்கைப் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. கேள்விகளை வரிசையாக மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

“போன மாரியில,” என்றார் கடைசியில், “உந்தப் பார்க்கிங்கில ஒரு காரும் ஸ்டார்ட் வரேல்லை. பனிக்குள்ள படுத்துக் கிடந்து ஒவ்வொண்டாக் கிளப்பிவிட்டவள். என்ர மருமோனும் படிச்சவன்தான், பக்கத்தில நிண்டு லைட் பிடிச்சவன். எழுதும்.”

எழுதினேன்.

“வாயெண்டால் வாய். ஹீற்றர் வேலை செய்யேல்லையெண்டு கட்டடம் பாக்கிற சுப்பரின்டெண்டனோட சண்டை பிடிச்சு, அண்டைக்கே திருத்த வைச்சவள். கோயிலுக்குத் தாய் இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. சமைக்கவே தெரியாது. முட்டை அவிக்க வைச்சிட்டு நித்திரை கொண்டிட்டாள். அலாரம் அடிச்சு முழுக் கட்டடமும் வெளியில நிண்டது. அதையும் எழுதும்.”

“அது தேவையில்லை, அக்கா.”

“எழுதும். முதல் பொய் சொன்னனானெல்லே. கணக்குச் சரிவரவேணும்.”

எழுதி முடித்ததும் வடைத்தட்டு திரும்பி வந்தது. நான் இரண்டாவது வடையைக் கடித்த நேரம் பார்த்து, “அப்ப, உங்கட மகனுக்கு உண்மையா இன்னும் பாக்கேல்லையோ?” என்று கேட்டார்.

வெள்ளி காலையில் கப்டன் புதிய அறிக்கையைக் கடைசிவரை வாசித்தார்.

“முட்டைகூட அவிக்கத் தெரியாது என்ற வரி எதற்கு, சார்ஜன்ட்?”

“அதுதான் ஆதாரம், சேர். எங்கள் ஆட்களில் ஒரு அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது என்று வெளியாளிடம் சொன்னால், மிச்சம் எல்லாம் உண்மை.”

கப்டன் என்னைப் பார்த்தார், வரியைப் பார்த்தார், கையெழுத்தை வைத்தார். வெளியே கதிரை நுனியில் இருந்தவளிடம் போய்ச் சொன்னேன்.

“தாங்ஸ், அன்ரி!” என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்த ஒரு முறை மட்டும் நான் திருத்தவில்லை.