ஒரிஜினல் பீரோவில் இருந்தது

என் அக்காவின் கல்லறையை நான் பார்த்திருக்கவில்லை. நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொரோனாவில் விமானங்கள் நின்றுபோயிருந்த காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனாள். பல்லாவரத்தில் அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து, அடக்கத்தை ஒரு செல்போன் திரையில் பார்த்தோம். பாதியில் சிக்னல் போய்விட்டது. மண் போடுவதை நாங்கள் பார்க்கவே இல்லை.

லீவும் பணமும் கூடிவர எனக்குச் சில வருடங்கள் ஆயின. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவள் நான். கடைசியில் கணவரும் நானும் ஒரு வாரப் பயணமாகக் கிளம்பினோம். அக்காவின் ஊருக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வாடகைக் கார் எடுத்தால்தான் உண்டு என்று அவளோடு வேலை பார்த்த பெண்மணி எழுதியிருந்தார்.

என் கணவருக்கு அதில் ஏக சந்தோஷம். தாம்பரத்து ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் ஓட்டியவனுக்கு உலகத்தில் எந்த ரோடும் ஒரு பொருட்டில்லை என்பது அவர் கட்சி. பாஸ்போர்ட், விசா நகலெல்லாம் எடுத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய், வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதற்கான பெர்மிட்டை வாங்கி வந்தார். போட்டோ ஒட்டி முத்திரை குத்திய சின்னப் புத்தகம் அது. அபார்ட்மென்ட்டில் அவர் அதைக் காட்டாத ஆள் பாக்கியில்லை.

ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இருக்கிற பழக்கம்தான். ஒரிஜினல் எதுவும் வீட்டை விட்டு வெளியே போகாது. ஆதார், ஆர்சி புக், லைசென்ஸ் எல்லாம் பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கும். சட்டைப்பையில் இருப்பது லேமினேட் செய்த கலர் ஜெராக்ஸ். போலீஸ் நிறுத்தினால் செல்போனில் இருக்கும் லைசென்ஸைக் காட்டுவார், விட்டுவிடுவார்கள். "ஒரிஜினல் தொலைஞ்சா எவன் அலையறது?" என்பார்.

வாடகைக் கார் கவுன்டரில் இருந்த பெண் பெர்மிட்டைப் புரட்டிவிட்டு லைசென்ஸைக் கேட்டாள். அவர் ஜெராக்ஸை நீட்டினார். பிறகு செல்போனை நீட்டினார். பிறகு பெர்மிட்டையே மறுபடியும் நீட்டினார். அவள் முகம் சுளிக்காமல் விளக்கினாள்: பெர்மிட் என்பது லைசென்ஸில் இருப்பதைப் பல மொழிகளில் எழுதிக் காட்டும் தாள் மட்டும்தான், ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பே கிடையாது.

"பெர்மிட் இருக்கே, அப்புறம் அது எதுக்குன்னு நெனச்சேன்மா," என்றார் என்னைப் பார்த்து.

எனக்குத் தலைக்கு ஏறியது. "எங்கக்கா செத்தப்பதான் வர முடியல. இப்பவும் இங்கேயே நின்னு திரும்பிப் போகணுமா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்காது, விஷயம் புரிந்தது. மெதுவாக என்னிடம் கேட்டாள், உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று.

இருந்தது. ரயிலிலும் விமானத்திலும் அடையாளத்துக்குக் காட்டுவதற்காக என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் கார்டு. சேலையூர் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பழகி வாங்கியது. அதற்குப் பிறகு நான் கார் ஓட்டியதெல்லாம் எங்கள் பார்க்கிங்கில்தான். ரோட்டுக்கு எடுக்கிறேன் என்றால், "இந்த டிராஃபிக்ல உன்னால முடியாது" என்று சாவியை வாங்கிக்கொள்வார். நானும் கொடுத்துவிடுவேன்.

கார்டு இன்னும் செல்லுபடியாகும், ஆங்கிலத்தில் இருப்பதால் இந்த ஊருக்கு அதுவே போதும் என்றாள். கிரெடிட் கார்டும் என் பெயரில் இருந்தது. கையெழுத்துப் போட ஃபாரத்தை நீட்டினாள். முடியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வண்டி ஆட்டோமேட்டிக். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். "லெஃப்ட்ல ஒதுங்கு, லெஃப்ட்ல" என்று ஆரம்பித்தார். "இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா இங்கேயே எறக்கி விட்டுடுவேன்," என்றேன். அதோடு அடங்கினார். மலைப்பாதையில் ஒரு லாரி எதிரே வந்தபோது நான் ஜெபம் செய்தேன், சத்தமாக.

ஊருக்கு வெளியே, புல் சரிவில் இருந்தது கல்லறைத் தோட்டம். அக்காவின் கல்லைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். எதிரே நின்றேன். அழுகை வரவில்லை. வழியெல்லாம் ரோட்டைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரைப் பார்க்க இத்தனை தூரம் வந்தேனோ, அவளை ஒருமுறைகூட நினைக்கவில்லை. நெஞ்சு மரத்துப்போய்க் கிடந்தது.

கணவர் கொஞ்சம் தள்ளி, கைகட்டி நின்றார். நான் செல்போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். பல்லாவரத்தில் அப்போது காலை. கல்லைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அவ்ளோ தூரம் மாப்பிள்ளையா ஓட்டினாரு?"

"இல்லம்மா. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"நீயா?" என்றாள் அம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அவகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லுடி. நீ எப்படி வந்து சேர்ந்தியோன்னு பயந்துக்கிட்டே கெடப்பா."

நான் கல்லின் முன் மண்டியிட்டு, "அக்கா, நானே ஓட்டிட்டு வந்துட்டேன்," என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். செல்போனில் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள்.